சுத்தத்தின் விலை

வீட்டுக்குள்ளே ஒரு குளியலறையும் கழிப்பறையும் கட்டுவது தத்துவ விசாரத்துக்குரிய விஷயமா என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். கொத்தனாரும் குழாய்க்காரரும் பேசித் தீர்க்கவேண்டிய காரியம் அது. அங்கே கதை எழுதுகிறவனுக்கு என்ன வேலை என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதனைப் பற்றிய பெரிய விசாரங்கள் எல்லாம் பெரும்பாலும் வயிறு நிறைந்த பிறகே ஆரம்பமாகின்றன. வயிறு நிறைந்தால் அதற்கு அடுத்தபடியாக ஒரு காரியம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. உணவை அன்னபூரணி என்று கும்பிடுகிறோம். அதே உணவின் மறுபாதியை என்ன செய்வது என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில்தான் தர்மத்தைப் பற்றிய கேள்விகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

நம் பாஷையையே பாருங்கள். 'வெளிக்குப் போதல்', 'கொல்லைக்குப் போதல்', 'ஒதுங்குதல்' என்றுதான் நாம் சொல்லி வந்திருக்கிறோம். இவற்றில் எந்தச் சொல்லும் செய்கிற காரியத்தைச் சொல்லவில்லை. போகிற திசையைத்தான் சொல்கின்றன. வெளியே, கொல்லையில், ஒதுக்குப்புறத்தில் என்று வீட்டுக்கு எவ்வளவு தூரத்தில் அது நடக்கிறது என்பதே நமக்கு முக்கியம். அந்த இடத்தில் ஒரு கட்டடம் வந்தபோது அதற்கு நாமாக ஒரு பெயர் வைக்கவும் கூசினோம். டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற 'கக்கூஸ்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. வீட்டுக்குள்ளே எழுந்து போகிறவர் 'வெளிக்குப் போகிறேன்' என்று சொன்னால் அது எந்த வெளி?

இந்தக் கேள்வி எனக்கு விளையாட்டாகத் தோன்றியதல்ல. நாஞ்சில் நாட்டில் ஒரு பழைய தெருவில் என் பெரியம்மையின் வீடு இருக்கிறது. முழுக்க முழுக்க மரத்தால் ஆன வீடு. பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டுமானத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அங்கே தாய்க்கொட்டாரத்தில் எந்தத் தச்சுமுறை அரசர்களுக்காகக் கையாளப்பட்டதோ, அதே தச்சுமுறையின் ஏழைப் பங்காளிகளாகச் சில வீடுகள் தெற்கே இன்னமும் நின்றுகொண்டிருக்கின்றன. கருங்கல் அடித்தளம், அதன்மேல் மரத்தூண்கள், தூண்களுக்கிடையே காடியில் இறக்கிய பலகைகளால் ஆன நிரைச் சுவர், தலைக்குமேல் மர மச்சு, அதற்கும் மேலே ஓடு. பட்டாலை, மங்களா, அடுக்களை, நெல் போட்டு வைக்க அறப்புரை. அயினியும் தேக்கும் பலாவும் நூறு நூற்றைம்பது ஆண்டுகளாக ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மூட்டுக்களில் இரும்பு ஆணி இல்லை. மரத்தை மரமே தாங்குகிறது. கோடையில் உள்ளே நுழைந்தால் மரத்தின் குளிர்ச்சி உடம்பில் இறங்கும்.

அப்பேர்ப்பட்ட வீட்டில் கழிப்பறை மட்டும் இல்லை. புறவாசலைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, தென்னை மூட்டுக்களைத் தாண்டி, மனையின் கடைசி எல்லையில் மதிலோடு ஒட்டிக்கொண்டு அது இருந்தது. அடுக்களைப் படியிலிருந்து அறுபது எட்டு என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். குளியல் கிணற்றடியில்.

பெரியம்மைக்கு எண்பத்திரண்டு வயது. அந்த மாவட்டத்தில் மழைக்கு இரண்டு பருவம். ஆனியில் ஒன்று வரும். ஐப்பசியில் ஒன்று வரும். பாசி பிடித்த கல்லில் இருட்டில் அறுபது எட்டு நடப்பதென்றால் அந்த வயதில் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் மாலை ஐந்து மணிக்குமேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை ஒரு தடவை நான் அங்கே நாலு நாள் தங்கியபோது கவனித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு வாய் நனைத்துக்கொள்வதோடு சரி. "தாகமில்ல மக்கா" என்பாள். தாகமில்லாமல் இருக்குமா? இது அவள் ஒருத்தியின் பழக்கமல்ல என்பது பிறகு விசாரித்தபோது தெரிந்தது. நம் ஊர்களில் எத்தனையோ பெண்கள் ஆயுள் முழுவதும் இருட்டுக்காகக் காத்திருந்தவர்கள். காத்திருப்பதற்காகத் தாகத்தை அடக்கக் கற்றுக்கொண்டவர்கள். ஆண்பிள்ளைகளான நாம் அவர்களுடைய பொறுமையைப் பற்றி உயர்வாக எழுதியிருக்கிறோம். பொறுமைக்கு உடம்பு கொடுத்த விலையைப் பற்றி எழுதியதில்லை.

பெரியம்மையின் மகன், என் தம்பி முறை, பெங்களூரில் உத்தியோகம். இந்த வீட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிவிடலாம் என்பது அவன் கட்சி. "செதில் அரிக்கப் போகிற மரத்துக்காக ஏன் உயிரை விடுகிறீர்கள்?" என்று கேட்டான். இதற்கு நேர் எதிரான கட்சி என் நண்பர் ஒருவருடையது. பழைய கட்டடங்களில் ரசனை உள்ளவர். "இந்த வீட்டில் ஒரு பலகையைத் தொட்டாலும் பாவம். பழைய மனிதர்கள் முட்டாள்கள் அல்ல. அசுத்தத்தைத் தூரத்தில் வைத்ததுதான் அவர்களுடைய விஞ்ஞானம். நீங்கள் அடுக்களைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கப் போகிறீர்கள், இதுதான் நாகரிகமா?" என்றார்.

நண்பரின் வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. குழாயும் சாக்கடையும் இல்லாத காலத்தில் கழிவைக் கிணற்றுக்கும் அடுப்புக்கும் தூரத்தில் வைத்தது புத்திசாலித்தனம்தான். மரவீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மரத்தில் ஈரம் ஒரு அளவுக்குமேல் ஏறி அங்கேயே தங்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் இற்றுப்போகும். ஈரத்தைத் தேடிக் கறையானும் வரும். தூணின் அடியைக் கல்லின் மேல் நிறுத்தியதும், கூரையைச் சுவரைத் தாண்டி வெகுதூரம் தாழ இறக்கியதும் இதற்காகத்தான். தினமும் நாலு பேர் தண்ணீர் இறைத்துக் குளிக்கிற ஓர் அறையை அந்த மரக்கூட்டுக்குள் வைக்க அந்தக் காலத்துத் தச்சர் சம்மதித்திருக்கமாட்டார். ஆகவே பழைய ஏற்பாட்டுக்குக் காரணம் இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் காரணம் போன பிறகும் வழக்கம் போவதில்லை. அது காரணத்தின் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, தனக்கு ஆசாரம் என்று பெயர் வைத்துக்கொள்கிறது. ஈரத்துக்குப் பயந்து வெளியே வைத்தது, சாமி இருக்கிற வீட்டில் கூடாது என்றாயிற்று. கன்னிமூலையில் ஆகாது, ஈசானத்தில் ஆகாது என்று ஒவ்வொரு மூலையாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் கிழவிகள் மழையில் நடந்தார்கள்.

வீட்டுக்குள் அதை வைப்பது நமக்கு அந்நியமான வழக்கம் என்று நினைப்பதும் சரியல்ல. சிந்துவெளியில் மொகஞ்சதாரோவைத் தோண்டிப் பார்த்தவர்கள், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முந்திய அந்த வீடுகளில் செங்கல் பாவிய குளியலறைகளைக் கண்டார்கள். தண்ணீர் ஓடச் சரிவு வைத்து, தெருவிலுள்ள மூடிய சாக்கடையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். சில வீடுகளில் கழிப்பிடமும் இருந்தது. அந்தச் சாக்கடைகளுக்கும் குழிகளுக்கும் எப்போதாவது தூர் எடுத்தாக வேண்டும். யார் எடுத்தார்கள் என்பதைச் செங்கல் சொல்லவில்லை. இந்த இடத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கடைசியில் வீட்டை இடிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம், உள்ளேயே ஒரு குளியலறை கட்டிவிடலாம் என்று தம்பியும் நானும் முடிவு செய்தோம். வீட்டுக்காரியிடம் சம்மதம் கேட்க என்னை அனுப்பினான். அவள் மறுப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். மறுப்பு எந்த ரூபத்தில் வரும் என்பதும் தெரிந்ததாகவே நினைத்திருந்தோம். சாமி, ஆசாரம், அக்கம்பக்கத்தாரின் பேச்சு எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. அவள் கேட்டது இவற்றில் ஒன்றும் அல்ல.

"கட்டுங்க மக்கா, நான் வேண்டாம்னு சொல்லேல்ல. நெறஞ்சா யாரு அள்ளுவா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "லாரி வந்து எடுத்துக்கொண்டு போகும்" என்றேன். "லாரியா கையை விட்டு அள்ளும்?" என்று கேட்டாள். பிறகு, கேட்காமலே, ஒரு விஷயத்தைச் சொன்னாள். அவள் கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்த புதிதில் மதிலோரத்தில் இருந்தது எடுப்புக் கக்கூஸ். பின்னால் ஒரு முடுக்கு. வீட்டின் முன்வாசலை ஒருநாளும் பார்த்திராத ஒருத்தி தினமும் விடிகாலையில் அந்த முடுக்கு வழியே கூடையும் தகரமுமாக வருவாள். மதிலின் அடியில் உள்ள ஒரு சிறிய இரும்புத் தகட்டைத் தூக்கி, உள்ளே கைவிட்டு வழித்து எடுப்பாள். மழைக்காலத்தில் கூடையிலிருந்து அவள் தலைமேலும் கழுத்திலும் வழியும். பண்டிகை நாட்களில் சோறும் குழம்பும் கொண்டுபோய் மதிலுக்கு மேலிருந்து அவள் பாத்திரத்தில் விழும்படி போடவேண்டும், கை படக்கூடாது. "பதினெட்டு வருசம் வந்தா. பேரு என்னன்னு கேட்டதில்ல. கேக்கணும்னு தோணினதுமில்ல" என்று சொன்னாள் பெரியம்மை. அதற்குப்பின் வெகுநேரம் அவள் பேசவில்லை.

அந்த அழகான மரவீட்டின் சுத்தம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. மங்களாவின் பளபளப்பும், சாமி அறையின் மணமும், அடுக்களையின் ஆசாரமும் தாமாக உண்டானவை அல்ல. அசுத்தம் அங்கே அழியவில்லை; கை மாறியது. ஒருத்தி இருட்டுக்காகக் காத்திருந்து தன் உடம்பால் ஒரு பங்கு விலை கொடுத்தாள். இன்னொருத்தி முடுக்கு வழியே வந்து தன் மானத்தால் மிச்ச விலையைக் கொடுத்தாள். வீடு மட்டும் சுத்தமாக இருந்தது. தன் கழிவை எவ்வளவு தூரத்தில் வைக்கிறோமோ, அதை அள்ளுகிற மனிதனையும் அவ்வளவு தூரத்தில் வைக்கிறோம் என்பதுதான் இதன் கணக்கு. அந்த அறுபது எட்டு, கழிவுக்காக மட்டும் அளந்து வைத்த தூரமல்ல.

'இதெல்லாம் பழைய கதை, எடுப்புக் கக்கூஸ் ஒழிந்து எவ்வளவோ காலமாயிற்றே' என்று சொல்லலாம். சட்டப்படி அது ஒழிந்ததுதான். மனிதனை வைத்து மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பிடம் கட்டுவதையும் தடை செய்து 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது. 1993 முதல் அப்படி இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2014-இல் தீர்ப்பளித்தது. 2023-இல் அதே கோர்ட் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. ஒரு நஷ்டஈட்டை உயர்த்த வேண்டியிருக்கிறது என்றால் என்ன பொருள்? சாவு நிற்கவில்லை என்று பொருள். கழிவுத் தொட்டிக்குள் தேங்கிய விஷவாயு ஒருவனை மயக்கிச் சாய்க்கிறது. அவனைத் தூக்கப் போன இன்னொருவனையும் சாய்க்கிறது. பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வருகிறது. தொட்டியின் சொந்தக்காரர் பெரும்பாலும் கெட்டவராக இருப்பதில்லை. பளிங்குபோல் கழிப்பறை வைத்திருப்பவர். தினமும் இருவேளை குளிப்பவர். தன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

முன்பு பக்கவாட்டில் அறுபது எட்டுத் தள்ளி வைத்தோம். இப்போது கீழே ஆறடி தள்ளி வைக்கிறோம். தூரம் திசை மாறியிருக்கிறதே தவிர, அள்ளுகிறவன் மாறவில்லை. பெரியம்மையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் ஒரு கழிப்பறை கட்டியிருந்தால் மதிலோரத்து முடுக்கை நாங்கள் வீட்டுக்கு அடியில் கொண்டுவந்து வைத்ததாகத்தான் ஆகியிருக்கும்.

இந்த விஷயத்தில் காந்திஜியை நினைக்காமல் இருக்க முடியாது. பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவிய 1896-இல் அவர் ராஜ்கோட்டில் கழிப்பிடங்களைப் பார்வையிடப் போனதைச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். பெரிய மனிதர்களின் வீட்டுக் கழிப்பிடங்கள் மகா ஆபாசமாக இருந்தன. தீண்டாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் குடியிருப்பில் கழிப்பிடமே இல்லை. ஆனால் அவர்களுடைய வீடுகள் மெழுகிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தன. பிறகு டர்பனில் நடந்த சம்பவத்தையும் அவரே எழுதியிருக்கிறார். மேல்நாட்டு முறையில் கட்டிய வீடு. அறைகளில் தண்ணீர் போக வழியில்லை. அறைக்கு ஒரு சட்டி. அவரோடு தங்கியிருந்தவர்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவ குமாஸ்தா. அந்தச் சட்டியைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துக்கொண்டு இறங்கினார். அழாமல் சிரித்த முகத்தோடு எடுக்கவேண்டும் என்று காந்தி கோபித்தார். சண்டை முற்றி, மனைவியைக் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துச் சென்று வெளியே தள்ளப் பார்த்தார்.

அந்த வேலையைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை சரிதான். அந்தப் பெண்ணிடம் அதை நிறைவேற்றிய முறைதான் தவறு. அதை அவரே வெட்கத்தோடு சொல்கிறார். ஒரு கொள்கை எவ்வளவு உயர்ந்ததானாலும், அதன் பாரத்தை இன்னொருவர் தலையில் ஏற்றி, அவர் முகமும் மலர்ந்திருக்க வேண்டுமென்று கேட்டால் அது அதிகாரமாகிவிடுகிறது. 'கிழவியிடம் என்ன கேள்வி, அவள் நன்மைக்குத்தானே' என்று தம்பி அவசரப்பட்டபோது இந்த டர்பன் சம்பவத்தைத்தான் அவனுக்குச் சொன்னேன். அவள் நன்மைக்கு என்பது உண்மை. ஆனால் அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நன்மை செய்ய வேண்டும்.

பதில் தேடிப் போனபோது அது மிகவும் சாதாரணமான இடத்தில் இருந்தது. இரட்டைக்குழிக் கழிப்பறை என்கிறார்கள். 1970-இல் பாட்னாவில் சுலப் இயக்கத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக், தலையில் சுமக்கிறவர்களை அந்தச் சுமையிலிருந்து விடுவிப்பதற்காக ஊர் ஊராகப் பரப்பிய ஏற்பாடு. அவர் 2023-இல் காலமானார். ஏற்பாடு இதுதான்: ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு குழிகள். சுற்றிலும் இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கியிருக்கும். அடியில் சிமெண்டு பூசுவதில்லை. நீர் மண்ணில் கசிந்துபோகும். ஒரு சமயத்தில் ஒரு குழிக்குத்தான் வழி திறந்திருக்கும். அது நிறைய ஒரு சிறு குடும்பத்துக்கு மூன்று ஆண்டுபோல் ஆகும். நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிட வேண்டும். அடைத்த குழி இரண்டு ஆண்டு சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி, நாற்றமில்லாத மண்ணாகிவிடுகிறது. மண்வெட்டியால் வெட்டி எடுத்துத் தென்னைக்குப் போடலாம்.

இது எல்லா மண்ணுக்கும் சரிவராது. நிலத்தடி நீர் மேலாக நிற்கிற இடத்தில் குழியின் நீர் கிணற்றைக் கெடுத்துவிடும். பெரியம்மையின் மனை மேட்டு நிலம். மழைக்காலத்திலும் கிணற்று நீர் ஆழத்தில்தான் நிற்கிறது. கிணற்றுக்கும் குழிகளுக்கும் ஐம்பதடிக்குமேல் இடைவெளி கிடைத்தது. ஆகவே பொருந்தியது. குளிக்கிற தண்ணீர் அந்தக் குழிக்குள் போகக்கூடாது. அதற்குத் தனிவாய்க்கால் விட்டு வாழைக்குத் திருப்பினோம்.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தைக் கவர்ந்தது அதன் தந்திரம் அல்ல. அதற்குள் இருக்கிற பொறுமை. அவசரப்படுகிறவன்தான் இன்னொரு மனிதனைக் குழிக்குள் இறக்குகிறான். காலத்துக்கு விட்டுக்கொடுத்தால் காலமே அந்தத் தோட்டி வேலையைச் செய்துவிடுகிறது. நமக்கு வேண்டியது இன்னொரு குழி. கொஞ்சம் காத்திருக்கும் மனசு.

இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டுப் பெரியம்மைக்கு விளக்கினேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாள். "மண்ணாப் போயிருமா?" என்று கேட்டாள். "மண்ணாகவே போய்விடும்" என்றேன். "நம்ம எல்லாரும் அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு, "செரி, கட்டு" என்றாள்.

அதற்குப்பின் எந்த இடத்தில் என்ற கேள்வி. மூத்தாசாரி ஒருவரை அழைத்து வந்தோம். வீடு முழுவதும் ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். மங்களாவின் பக்கத்து அறைதான் வசதி என்று தம்பி சொன்னான். அதற்கு ஒரு தூணை நகர்த்த வேண்டும். ஆசாரி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தூணைத் தொட்டா மச்சு சும்மா இருக்காது, சாரே." பிறகு ஈரத்தைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். "தடிக்குத் தண்ணி எதிரியில்ல. தண்ணி போக வழியில்லாம நிக்கியதுதான் எதிரி." மரத்துக்கு மட்டும் பொருந்துகிற வார்த்தை என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் காட்டிய இடம் அறப்புரை. வயல் விற்றுப் பல வருஷங்களாகிவிட்டதால் அங்கே நெல் இல்லை. உடைந்த தொட்டிலும் பழைய பாத்திரங்களும் கிடந்தன. தரைப்பலகைகளை மட்டும் கழற்றினோம். வீட்டின் அடித்தளத்தோடு சேராமல் தனியாக ஓர் அடித்தளம் போட்டு, அறைக்குள் ஓர் அறையாகச் செங்கல் சுவர் எழுப்பினார்கள். அதற்கும் பழைய நிரைப்பலகைக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. காற்று அந்த வழியே ஓடி மரத்தை உலர்த்த வேண்டும். ஒரு குழாய்கூட மரத்தில் பதியவில்லை. தரை வீட்டுத் தரையைவிட இரண்டங்குலம் தாழ்வு. மூலையை நோக்கிச் சரிவு. கழற்றிய அயினிப் பலகையில் கதவு. பெரியம்மையின் முழங்கால் குந்தி உட்காரச் சம்மதிக்காது என்பதால் உட்காரும் வகைப் பீங்கான். எழுந்திருக்கும்போது பிடித்துக்கொள்ள ஆசாரி தேக்கில் ஒரு கைப்பிடி செய்து கொடுத்தார். அதைத் தேய்த்து மெருகேற்ற அவர் ஒருநாள் முழுவதும் எடுத்துக்கொண்டார்.

நாற்றம் வீட்டுக்குள் வராதா என்று நண்பர் கேட்டார். வராததற்குக் காரணம் ஒரு வளைந்த குழாய். அந்த வளைவில் எப்போதும் இரண்டங்குலத் தண்ணீர் நிற்கும். கீழே இருக்கிற காற்று அதைத் தாண்டி மேலே வராது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர் 1775-இல் இந்த வளைவுக்குக் காப்புரிமை வாங்கினார். கன்னிமூலையும் ஈசானமும் அறுபது எட்டும் சேர்ந்து செய்த காரியத்தை ஒரு செம்புத் தண்ணீர் செய்துவிடுகிறது.

நெல் இருந்த இடத்தில் கழிப்பறையா என்று நண்பர் கடைசியாக ஒருமுறை வருத்தப்பட்டார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நெல்லுக்கும் அதற்கும் உள்ள உறவை அவர் எப்போதாவது யோசித்துப் பார்த்தாரா? வயலிலிருந்து அறப்புரைக்கும், அறப்புரையிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து உடம்புக்கும், உடம்பிலிருந்து மண்ணுக்கும் போகிற ஒரே பயணம் அது. நடுவில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் லட்சுமி, அந்தப் பக்கம் தீட்டு என்று சொன்னது நாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பதற்கு மனிதர்களையும் பிறப்பால் நியமித்துவிட்டோம்.

பழைய வீட்டைக் கெடுத்துவிட்டோமா என்ற கேள்விக்கு என் பதில் இது: அந்த வீடு ஒருநாளும் மாறாமல் நின்றதில்லை. இற்றுப்போன பலகைகளை ஒவ்வொரு தலைமுறையும் மாற்றியிருக்கிறது. குத்துவிளக்கு இருந்த இடத்தில் மின்சாரம் வந்தது. மரத்தைக் காப்பாற்றுவது மட்டுமே வீட்டைக் காப்பாற்றுவதாகாது. உள்ளே ஒரு கிழவி தாகத்தை அடக்கிக்கொண்டு படுத்திருக்க, வெளியிலிருந்து தூணின் அழகைப் பார்த்து ரசிப்பது, பொருட்காட்சிக்கு வருகிறவனின் அன்பு. இடித்துப்போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுவதோ வாடகைக்காரனின் அன்பு. வீட்டில் பிறந்தவனுக்கு இரண்டும் உதவாது. எதைத் தொடக்கூடாது என்று ஆசாரியிடமும், எதை மாற்றியாக வேண்டும் என்று அந்த வீட்டில் வாழ்கிறவளிடமும் அவன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெரியம்மை இப்போது ராத்திரியில் தலைமாட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்துக்கொள்கிறாள். காலையில் பார்த்தால் அது காலியாக இருக்கிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் குழி நிறைந்து, போன ஆண்டு அதை அடைத்துவிட்டோம். அடுத்த ஆண்டு திறக்க வேண்டும். உள்ளே இருப்பது மண்தான் என்று புத்தகம் சொல்கிறது, நானும் நம்புகிறேன். இருந்தாலும் மண்வெட்டியை யார் பிடிப்பது என்று பேச்சு வந்தபோது, கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி சட்டென்று சொன்னான். மண்தானே என்று அவ்வளவு நேரம் எனக்கு விளக்கியவனும் அவன்தான். மண் என்று நிஜமாகவே நம்புகிறவன் அதைத் தானே வெட்டலாம். நம்பாதவன் இன்னொருவனை வெட்டச் சொல்ல உரிமை இல்லாதவன். இதை அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். தை மாதம் லீவு போட்டுவிட்டு வருவதாக எழுதியிருக்கிறான். இரண்டு மண்வெட்டி வாங்கி வைத்திருக்கிறேன்.